பதினாலு என்று சொன்னவள்

பாண்டிச்செல்விக்கு ஊரில் யாரோடும் பகை கிடையாது. வேலுத்தாயைக் கண்டால் மட்டும் வயிறு எரியும். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெத்தாள் என்று அம்மிக்குழவியால் தன் வயிற்றில் இடித்துக்கொண்டவள் கதையைச் சொல்லி மற்றவர்கள் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவளுக்கு விளங்கியதே இல்லை.

இரண்டு பேரும் சாத்தூர்ப் பக்கம் ஒரே தெரு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்குவார்கள். அதற்குக் கட்டை அடுக்குதல் என்று பேர். பாண்டிச்செல்வி இரண்டு கட்டை முடிப்பதற்குள் வேலுத்தாய் மூன்று முடித்துவிடுவாள். அதனால் சனிக்கிழமைதோறும் கணக்குப்பிள்ளை கையால் ஒரு பொட்டலம் சேவு அவளுக்குத்தான். இவள் அதை மென்று முழுங்கப் பார்ப்பாள். சேவு அல்ல, ஆத்திரம்.

ஒரே ஒரு காரியத்தில் பாண்டிச்செல்வி கெட்டிக்காரி. விசாரிக்க ஆபீசர் வந்தால் வயசு பதினாலு என்று சொல்லவேண்டும். பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஏஜெண்ட் தினமும் வேனில் வைத்தே இதை ஒப்பிக்கச் சொல்வார். பாண்டிச்செல்வி பட்டென்று சொல்லுவாள். வேலுத்தாய்க்கு வாய் குழறும்.

ஒருநாள் ஆபீசர்கள் வந்தேவிட்டார்கள். அவசர அவசரமாகப் பாண்டிச்செல்விக்கு யாருடைய தாவணியையோ சுற்றிவிட்டிருந்தார்கள். வயசு என்ன என்று கேட்டதும் கண்ணிமைக்காமல் பதினாலு என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்து வேலுத்தாய் திக்கினாள். பாண்டிச்செல்விக்குச் சேவுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. இவளை வேலையை விட்டு விரட்டிவிட்டால் அது தனக்குத்தானே?

"பொய் சொல்லுதா சார். இவளுக்கு ஒம்போதுதான்."

விரட்டத்தான் செய்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு. புத்தகம் கொடுத்தார்கள், மதியச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சேவு பாண்டிச்செல்விக்கு வந்தது. காரம் நாக்கில் இருக்கும்போதே, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

வேலுத்தாய் இன்று ஒரு தொண்டு நிறுவனத்தில் மாவட்டப் பொறுப்பாளர். ஸ்கூட்டரில் வருகிறாள், போகிறாள். பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறாள்.

போன மாசம் விருதுநகரில் கூட்டம். நாடு முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க டெல்லியில் ஒரு திட்டம் தயாராகிறதாம். எழுதி முடிக்குமுன், சின்ன வயசில் வேலைக்குப் போனவர்களிடம் கேட்க அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஆட்களைப் பொறுக்கியவள் வேலுத்தாய். பட்டியலில் முதல் பேர் பாண்டிச்செல்வி. பக்கத்தில் நிறுத்தித் தன் உயரத்தைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று இவளுக்குப் பட்டது. போகாவிட்டால் தோற்றதாகிவிடுமே என்று தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

திட்டத்தின் முதல் வேலையை ஓர் அதிகாரி வாசித்தார். வீடு வீடாக, கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பிள்ளைகளிடம் வயசு கேட்டுக் கணக்கெடுப்பார்களாம். பிறகு வேலுத்தாய் மைக்கைப் பிடித்தாள். தான் மீண்ட கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாண்டிச்செல்வியைக் கைகாட்டினாள்.

"அன்னைக்கு இவ தைரியமா உண்மையச் சொல்லலைன்னா நான் இங்கன நிக்க மாட்டேன்."

கூட்டமே கைதட்டியது. வேலுத்தாயை விட்டுவிட்டு ஊர் தனக்குக் கைதட்டாதா என்று ஏங்கியவள்தான் பாண்டிச்செல்வி. இப்போது தட்டுகிறார்கள். அதையும் வேலுத்தாயே பிச்சை போடுகிறாள். பேசாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம், காலத்துக்கும் நல்ல பேர். ஆனால் வயசு கேட்டுக் கணக்கெடுக்கும் அந்த முதல் வேலை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மைக்கை வாங்கினாள்.

"நான் உண்மைக்காகச் சொல்லலை சார். பொறாமையில காட்டிக் குடுத்தேன். அவள வேலைய விட்டு நிப்பாட்டணும்னு சொன்னேன்."

வேலுத்தாய் முகம் செத்துப்போயிற்று. பாண்டிச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினாள்.

"பிள்ளைககிட்ட வயசு கேட்டு எழுதாதீக. பழக்கி வச்சதத்தான் சொல்லும். என்கிட்டயும் கேட்டாக. பதினாலுன்னேன். அப்படியே எழுதிட்டுப் போயிட்டாக."

அப்போது நிஜத்தில் எத்தனை வயசு என்று அதிகாரி கேட்டார்.

"எட்டு. அவளுக்கு ஒரு வயசு எளையவ நான்."

யாரும் கைதட்டவில்லை. அதிகாரி தன் தாளில் முதல் வரியை அடித்துவிட்டு, இவள் சொன்னதை எழுத ஆரம்பித்தார். வேலுத்தாய் எழுந்து வந்து பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்தாள். பாண்டிச்செல்வி கையை உதறவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி மட்டும் ஒன்று கேட்டாள்.

"எங்க ரெண்டு பேரு பேரையும் எழுதுவீகள்ல சார்? என் பேர மேல எழுதுங்க."