போகாத ஊரில் போட்ட கையெழுத்து

நான் பொய்ச்சாட்சி சொன்னவன். போலீஸ் உடுப்போடு கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, பொய் சொன்னேன். ஒரு கொலை வழக்கு அதனால் தோற்றது.

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம்தான் சொல்ல முடிகிறது... தெரிந்தவர்களிடம் சொல்லலாமென்று எத்தனையோ முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். வெங்காய விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் கான்ஸ்டபிள். இருபத்தாறு வயது. மீசையை முறுக்கத் தெரியும், வேலை முழுதாகத் தெரியாது. ஸ்டேஷனில் ஜீப் கிடையாது. ரோந்துக்குச் சைக்கிள்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துக்கு எனக்கு ரோந்து. பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பட்டா புத்தகம் என்று போலீஸில் சொல்லும் ரோந்துப் பதிவேடு. ரோந்து வரும் போலீஸ்காரன் அதில் தேதியும் நேரமும் போட்டு, ஊர் நிலவரத்தை ஒரு வரியில் எழுதி, கையெழுத்திட வேண்டும். அவன் வந்துபோனதற்கு அதுதான் அத்தாட்சி.

மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடி போவதற்குள் மறுபடியும் அடைக்கும். கடைசியில் சைக்கிளை நாம் சுமக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து எனக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நாம் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டாம், புத்தகம் நம்மைத் தேடி வரட்டும்!

ஊர் முன்சீப்புக்குக் கீழே வேலை பார்த்த தலையாரி முத்துசாமி, யாரும் பார்க்காமல் முந்தின இரவே பெட்டியைத் திறந்து எடுத்து வைத்த புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மெயின் ரோட்டு டீக்கடைவரை நடந்து வருவார். நான் டீ குடித்தபடி கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கூட வாத்தியார் கண்டுகொள்ள மாட்டார். மழை நாளில் அவரும்தான் வருவதில்லையே, யார் யாரைக் காட்டிக்கொடுப்பது! மழை நின்று மண் காய்ந்த பிறகும் இந்த ஏற்பாடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது ஓர் ஐப்பசிச் செவ்வாய். அன்று பிற்பகல் அரியலூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தாளில் சுற்றி வைத்திருந்தேன். முழங்கால்வரை சேற்றோடு போய் நிற்க முடியுமா? புத்தகம் டீக்கடைக்கு வந்தது. காலை பதினோரு மணி என்று எழுதினேன். 'ஊர் அமைதி. புகார் ஏதுமில்லை.' கையெழுத்து.

இத்தோடு நிறுத்திவிட்டால் நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். சோம்பேறிப் பயல், வேறென்ன என்று விட்டுவிடுவீர்கள். எத்தனை ஆண்டுகள் எனக்கு நானே இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டேன் தெரியுமா...

புத்தகத்தை வாங்கிக்கொண்ட முத்துசாமி நகரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார்... காலனியில செல்லம்மான்னு ஒரு பொம்பள. காலைலேர்ந்து பள்ளிக்கூடத்தாண்ட ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"எதுக்கு?"

"பெரியவூட்டு வெங்காயப் பட்டறையில ரெண்டு மூட்டை காணாமப் போச்சாம். அது புருசன் அய்யாக்கண்ணு மேல சந்தேகம். நேத்திலேர்ந்து மோட்டார் கொட்டாயில கட்டிப்போட்டு வச்சிருக்காங்க சார். அடி பலமாம்."

பெரியவூட்டுக்காரர்தான் அந்த ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். ஊரில் புகார் கேட்க வேண்டிய முன்சீப் அவருக்கு மைத்துனர். அந்தப் பெண் வேறு யாரிடம் போவாள்?

"ஸ்டேஷனுக்கு வரவேண்டியதுதானே?"

"எங்க சார் வுடறாங்க! வண்டிப்பாதையில அவங்க ஆளுங்க உக்காந்திருக்காங்க. செவ்வாக்கிழம போலீசு வருமுல்ல, அப்ப சொல்லிக்கலாம்னு இருக்கு அது."

செவ்வாய்க்கிழமை போலீஸ் வரும்... எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன், நம்புங்கள். சைக்கிள் ஹாண்டில்பாரில் கையும் வைத்துவிட்டேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே போனால் அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

"நாளைக்குக் காலைல நானே வரேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு."

முத்துசாமி பதறிவிட்டார். "அதெப்படி சார் சொல்றது? ஒங்கள எங்க பாத்தேன்னு கேக்குமே! புத்தகம் இங்க வர்ற சங்கதி வெளிய தெரிஞ்சா எனக்கும் வேல போயிரும், ஒங்களுக்கும் போயிரும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது! அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"அப்படின்னா ஒண்ணும் சொல்லாத. ஒரு நாள்தானே, பாத்துக்கலாம்."

எழுதியதை அடிக்கக்கூட இல்லை. பஸ் ஏறினேன். பெண் வீட்டில் கேசரி வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பெண்ணைப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தும் அவளுக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை வேறென்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை நான் கிளம்புவதற்குள் முன்சீப்பின் ரிப்போர்ட் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. அய்யாக்கண்ணு என்பவன் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனான் என்று.

எஸ்.ஐ.யோடு நானும் போனேன். அன்று சேறு என்னை ஒன்றும் செய்யவில்லை பாருங்கள்! உடலைக் கிணற்று மேட்டில் கிடத்தியிருந்தார்கள். மணிக்கட்டுகள் இரண்டிலும் கயிற்றுத் தடம். தவறி விழுந்தவனுக்கு அது எப்படி வரும்? செவ்வாய் சாயங்காலம் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். கேட்டீர்களா... செவ்வாய் சாயங்காலம்! பதினோரு மணிக்கு நான் போயிருந்தால் அந்த மனிதன் நடந்தே வெளியே வந்திருப்பான்.

எங்கள் எஸ்.ஐ. யாருக்கும் வளையாதவர். கொலை என்றே வழக்குப் போட்டார். ஊர் வாயைத் திறக்கவில்லை. செல்லம்மா ஒருத்தி மட்டும் திங்கட்கிழமையே கட்டிப்போட்டார்கள் என்று சொன்னாள். சொன்னதை மாற்றவே இல்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் எஸ்.ஐ. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"செவ்வாக்கிழம பீட்டு நீதானே? ஊருக்குள்ள போனியா?"

"போனேன் சார்."

"ஒண்ணும் கண்ணுல படலியா?"

"இல்ல சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடமாவது காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போவதோடு முடிந்திருக்கும். கல்யாணம் கூடி வருகிறது, தங்கைக்கும் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

வழக்கு திருச்சியில் நடந்தது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் அந்த ஜில்லாதான். எதிர்த்தரப்பு வக்கீல் பட்டா புத்தகத்தை வரவழைத்தார். என்னைக் கூண்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். கையெழுத்து உங்களுடையதுதானா? ஆமாம். பதினோரு மணிக்கு ஊரில் இருந்தீர்களா? இருந்தேன். யாராவது புகார் சொன்னார்களா? இல்லை. பள்ளிக்கூடத்தருகே யாராவது உங்களுக்காகக் காத்திருந்தார்களா?

செல்லம்மா கடைசி பெஞ்சில் இருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. வக்கீல் இன்னொரு முறை கேட்டார்.

"யாரும் இல்லைங்க."

அவ்வளவுதான். திங்களிலிருந்து அடைத்து வைத்தார்கள் என்ற அவள் வாக்குமூலம் பொய்யாகிப் போயிற்று. செவ்வாய் காலை சர்க்கார் போலீஸ்காரனே நேரில் வந்து அமைதி என்று எழுதியிருக்கிறானே! எல்லோரும் விடுதலை. பெரியவூட்டுக்காரர் வாசலில் என்னைக் கடந்து போகையில் தலையை லேசாக அசைத்தார். என்னை அவர்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார் போலும். அவரிடம் நான் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை... அதைச் சொல்லி என்ன பயன்? வாங்கியவன்கூட இவ்வளவு விசுவாசமாக இருந்திருக்க மாட்டான்.

பிறகு ஏட்டு ஆனேன். பதவி உயர்வுகள் வந்தன. மாலை போட்டு ஓய்வும் கொடுத்தார்கள். முத்துசாமி செத்துப்போனார். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டேன். தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

சரி, பொய்ச்சாட்சியைச் சொல்லியாயிற்று. மனப்பாரம் இறங்கியிருக்க வேண்டுமே, ஏன் இறங்கவில்லை? தீர்ப்பன்று கோர்ட் வாசலில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை...

பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் திரும்பினேன். எதிரில் செல்லம்மா நின்றாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருக்கலாம், எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவள் மெதுவாக, பயந்துகொண்டே கேட்டாள்.

"அய்யா... அன்னிக்கு நெசமாவே வந்தீங்களாய்யா?"

நான் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல... விடிஞ்சதுலேர்ந்து அந்த எடத்த வுட்டு நான் அசையலய்யா. ஒரே ஒரு தடவதான் தண்ணி குடிக்கக் கொழாயண்டப் போனேன். அந்த நேரத்துலயா வந்துட்டுப் போயிட்டீங்க?"

இல்லை என்று ஒரு சொல். அது போதும் அவளுக்கு. சுற்றிலும் வக்கீல்கள், போலீஸ்காரர்கள், பெரியவூட்டு ஆட்கள்...

"ஆமாம்மா," என்றேன். "அப்பத்தான் வந்திருப்பேன்."

அவள் இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி... நானே கொன்னுட்டேனே! ஒரு வாய் தண்ணிக்கிப் போயி என் மனுசன நானே கொன்னுட்டேனே!"

"அழாதம்மா," என்று ஆறுதல் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்!

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்னய்யா பண்ணுவீங்க... ஒங்க வேலைக்கு நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க," என்று சொல்லி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.