புதூர்ப் பக்கத்துப் புஞ்சையில் முகம் காட்டிய நாள்

புரட்டாசி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை, கயத்தாறிலிருந்து கோவில்பட்டி, விளாத்திகுளம் வழியாகப் புதூர்ப் பக்கம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. என் முகம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. என்னைத் தெரியாத ஊரில் போய் எடுத்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

இந்தப் பயணப் பதிவுப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கை தெரியும். பஸ் டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து எடுத்த படம்தான் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் படம். வீடியோ பார்ப்பவர்களுக்குக் குரலும் தெரிந்திருக்கும். முகம் தெரியாது. நான் கூச்சப்படுகிற ஆள். கல்லூரியில் வருகைப் பதிவின்போது நான் சொன்ன ‘எஸ் மேம்’ கேட்காமல் பல நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தேன். வைகாசியில் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். போதும் என்று உள்ளே தோன்றியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தைத்தான் முழுநேரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆவணிக் கடைசியில் பயணப் பைகள் விற்கும் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. ஓராண்டு ஒப்பந்தம். அது கிடைத்தால் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம்; கிடைக்காவிட்டால் மறுபடி வேலை தேட வேண்டும். இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். அறிமுக வீடியோவில் முகம் தெரிய வேண்டும். பேசவேண்டியதை அவர்களே எழுதித் தருவார்கள். எழுதியும் அனுப்பிவிட்டார்கள். நான் பேச்சோடு சொன்னதை வைத்து, அதில் என் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருந்தது. திங்கள் காலைக்குள் வீடியோ போய்ச் சேரவேண்டும்.

தெரிந்தவர்கள் எல்லோரும் உடனே ஒப்புக்கொள் என்றார்கள். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. கூச்சம்தான் இப்படிப் பேசுகிறது, அதற்கெல்லாம் செவிகொடுத்தால் முன்னேற முடியாது என்று அதை அடக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கயத்தாறில் காலை 6.10க்குப் பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். அங்கே 7.05க்கு விளாத்திகுளம் பஸ் கிடைத்தது. சனிக்கிழமை எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை. ஊருக்குள் பஸ் ஊர்ந்துதான் போகும். அன்றைக்குப் போகிறவர்கள் இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரம் தாண்டினால் இரு பக்கமும் கரிசல்தான். உழுது போட்ட மண் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. விதைத்த நிலம் எது, விதைக்காத நிலம் எது என்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாது.

விளாத்திகுளத்தில் இறங்கும்போது மணி 8.40. பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் இரண்டு இட்லியும் டீயும் முடித்து, புதூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். இதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதூரில் இறங்கி, பிறகு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர் போகவேண்டும். நான் போன ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருக்கும் என் தோழி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

தோழி பெயர் சண்முகக்கனி. கோவில்பட்டியில் என்னோடு பி.காம். படித்தவள். கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். இரண்டு ஏக்கர் புஞ்சையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆட்டோக்காரரிடம் அவள் கணவர் பெயரைச் சொல்லி வழி சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்.

“மயிலு வெரட்டுத புள்ள வீட்டுக்கா? அப்படிச் சொல்லுங்க. சுத்துப்பட்டிக்கே அந்தப் புள்ளையத் தெரியும்லா.”

“எப்படி அண்ணாச்சி?”

“நீங்களே போயிப் பாருங்க. வீட்டுல இருக்காது. நேரா புஞ்சையிலயே எறக்கி விடுதேன்.”

நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். புஞ்சையில் கனி ஒரு கையில் தகர டப்பாவும் இன்னொரு கையில் குச்சியுமாக நின்றிருந்தாள். வரப்பு நெடுக குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தாள்.

இந்தப் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். பிறகு மழை பெய்தால் முளைக்கும். ஊரில் எல்லோரும் ஒரே நாளில், அல்லது அடுத்தடுத்த நாளில் விதைப்பார்கள். ஒரு புஞ்சையில் மட்டும் விதை கிடந்தால் சுற்றியுள்ள மயில் அத்தனையும் அங்கேதான் இறங்கும். எல்லோரும் சேர்ந்து விதைத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் நஷ்டம். கனி ஊர் விதைக்கும்வரை காத்திராமல் போன வாரமே தன் நிலத்தில் மட்டும் உளுந்து விதைத்துவிட்டாள். அன்றிலிருந்து விடிந்தால் இங்கே வந்துவிடுகிறாள், இருட்டினால்தான் வீடு.

“ஏன் கனி தனியாப் போட்ட?”

“நீயும் ஆரம்பிக்காதட்டி. அன்னைக்குக் காலையில எந்திரிச்சேன், இன்னைக்குப் போட்டுரணும்னு இருந்துச்சு. போட்டுட்டேன்.”

“மழ வரும்னு வானத்தப் பாத்தியா?”

“வானத்தப் பாத்தா எனக்கு வானந்தான் தெரியுது.”

“மொளைக்கலன்னா?”

“திரும்ப வெத வாங்கணும். எங்க அத்த வாயில விழணும். ரெண்டுல அத்த வாய்தான் பெருசு.”

அப்போது பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார். பக்கத்துப் புஞ்சைக்காரர். “என்னத்தா கனி, மயிலுக்கெல்லாம் இன்னைக்கும் விருந்தா?”

“ஆமா மாமா. பந்தியில ஒங்களுக்கும் எல போட்டிருக்கு. வாங்க, ஒக்காருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கனி சிரிக்கவில்லை. திரும்பித் தகரத்தை அடித்துக்கொண்டு புஞ்சையின் கிழக்கு மூலைக்கு ஓடினாள். அங்கே நான்கு மயில்கள் நின்றிருந்தன.

பத்தரை மணிக்கு வீடியோ எடுக்கத் தொடங்கினோம். காமிராவை நிறுத்தும் மூன்று கால் கம்பியை மண்கட்டிகளுக்கு நடுவே நிறுத்துவதே பெரிய வேலை. (இங்கே வருகிறவர்கள் கம்பியின் காலுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள்.) மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டேன்.

வேலிக்கருவேல் நிழலில் உட்கார்ந்து மூன்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. வெயிலுக்குக் கண் சுருங்கி, மூக்கில் வியர்வையோடு, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தது. கூச்சம் தெரியவில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே இடத்தில் கண் காமிராவை விட்டு விலகியது. அப்பாவைப் பற்றிய அந்த வரி வரும் இடம்.

நிறுவனம் எழுதி அனுப்பியதைப் போனில் எடுத்தேன்; கனி தோளுக்கு மேலே எட்டி அந்த வரியைப் படித்தாள். “இது நெசந்தான?”

“நெசந்தான்.”

“நெசத்தச் சொல்லுததுக்கு என்ன? ஊரு ஒலகத்துல இல்லாததா?”

“அப்பாகிட்ட கேக்கல.”

“அப்ப கேளு. போன் எதுக்கு இருக்கு?”

அப்பா கயத்தாறில் நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். போனை எடுத்தபோது பின்னால் காற்றடிக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினேன். எந்திரம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“எல்லாரும் பாப்பாவளா?”

“ஆமாப்பா.”

“கடைக்கு வாரவியளும் பாப்பாவளா?”

“பாப்பாங்க.”

எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு, “சரி, சொல்லிக்கோம்மா. ஒனக்கு வேல நடக்கணும்லா. எனக்கு என்ன இதுல” என்றார். வைத்துவிட்டார்.

அந்த வரி பொய்யாக இருந்திருந்தால் மறுப்பது எளிது. உண்மை. அவர் அனுமதியும் கிடைத்துவிட்டது. கனிகூட, “அதான் அப்பா சொல்லிட்டாவல்லா, எந்திரி, வெயிலு ஏறுது” என்றாள். நான் எழுந்து மறுபடி காமிரா முன்னால் போய் நின்றேன். கனி பொத்தானை அமுக்கினாள். அந்த இடம் வந்தது. அந்த வரியை விட்டுவிட்டு மீதியைச் சொல்லி முடித்தேன்.

அது என்ன வரி என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஊகித்துக் கேட்டு எழுதாதீர்கள்.

மாலை 4.20க்கு விளாத்திகுளம் பஸ் நிலையத்திலிருந்து நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் கார்த்திக்கைக் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். எப்போதும் மரியாதையாகவே பேசுவார். வீடியோவை அனுப்பியிருக்கிறேன், அந்த ஒரு வரி மட்டும் இல்லை என்றேன்.

“பார்த்தேன் மேடம். சூப்பரா பேசியிருக்கீங்க. ஆனா அந்த லைன்தான் மேடம் முக்கியம். அதுலதான் ஜனங்க நிப்பாங்க.”

“அது அப்பாவோடது. என் முகத்தை வேணும்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க.”

“முகம் எங்ககிட்ட நிறைய இருக்கு மேடம்.”

குத்தலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். திங்கள்வரை யோசிக்கச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

திரும்பும் வழியில் பெருமையாக எல்லாம் இல்லை. பெரிய வாய்ப்பை வீம்புக்காக விட்டுவிட்டேனோ என்று கோவில்பட்டி வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இப்போதும் சில காலைகளில் நினைக்கிறேன். உள்ளுணர்வை நம்பு என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழு வாக்கியமாகப் பேசவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னது. முகம்தான் வேண்டாம்போல என்று நானாகத் தப்பாக முடித்துக்கொண்டேன். அது எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க, ஒருமுறை முயன்று, எந்த இடத்தில் கண் விலகுகிறது என்று கவனிக்க வேண்டியிருந்தது. அதை நம்பியதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் என்னால் எழுத முடியாது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு வேலைக்குக் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் வரை கனியின் ஊரில் மழை இல்லை. அவள் இன்னும் புஞ்சையில்தான் இருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். புரட்டாசி, ஐப்பசியில் போங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அந்த மண் இரண்டு வேறு ஊர்போல இருக்கும். மழை பெய்துவிட்டால் கரிசலில் இறங்காதீர்கள், செருப்பு திரும்பி வராது. புதூரைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை கிடைப்பது கடினம். தண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். புதூரிலிருந்து விளாத்திகுளத்துக்குக் கடைசிப் பஸ் எப்போது என்று இறங்கியதுமே கேட்டுவையுங்கள். யார் புஞ்சையிலும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சரி என்று சொன்னாலும், சொன்ன விதத்தைக் கவனியுங்கள்.

இந்தப் பதிவின் மேலே இருக்கும் படத்தில் நிற்பது நான்தான். கனி எடுத்தது. பதிவில் போடும் முன்னால் அப்பாவின் கடைக்குப் போய்க் காட்டினேன். அந்த வரியைச் சொன்னேனா என்று அவர் கேட்கவே இல்லை. கைக் கிரீசைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு டயர் மாற்றக் காத்திருந்த வெளியூர் லாரிக்காரரிடம் நீட்டினார்.

“எம் மவ” என்றார்.