சபாரத்தினத்தாரின் குடவோலை

நோர்வேயின் ஸ்டோவ்னரில் ஒரு தமிழ்ச் சங்கம். அதன் தலைவர் சபாரத்தினத்தாருக்கு எழுபத்தொரு வயது. ஒஸ்லோவில் இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. சங்கம் கூப்பிட்டது. ஏறியவர் பதினான்கு வருடமாக இறங்கவில்லை. எந்த விழா என்றாலும் அவர் பேச்சில் சோழர் வருவார்கள். கடல் கடப்பார்கள், ஏரி வெட்டுவார்கள், சாப்பாடு ஆறிப்போகும்வரை ஆட்சி செய்வார்கள்.

இந்த வருடம் அடுத்த குடியிருப்பான ரொம்மன் பக்கத்துச் சனம் வேறொருவருக்கு ஆள் சேர்ப்பதாகக் காதில் விழுந்தது. வாக்கெடுப்பு வைத்தால் தலைவர் கதிரை போய்விடும் என்று கணக்குப் போட்டார். அப்போதுதான் குடவோலை ஞாபகம் வந்தது. சோழர் காலத்து ஊர்ச்சபை மாதிரி, பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டு ஒன்றை எடுப்பது. இருபது பெயர் சேர்ந்தது. அதில் பதினாறு அவரும் அவருடைய சொந்தக்காரரும். சொந்தக்காரரில் யார் வந்தாலும் கதிரையை அவரிடமே தந்துவிடுவார்கள். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

குடவோலையைச் சொல்லும் கல்வெட்டை அவர் முழுவதும் வாசித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் சத்தியபாமா எழுந்தாள். கணினி வேலைக்கு வந்த காஞ்சிபுரத்துக்காரி.

“அங்கிள், அந்த உத்திரமேரூர் கல்வெட்டு எங்க ஊர்ப் பக்கம்தான். மூணு வருஷத்துக்குள்ள பதவியில இருந்தவங்க பேரைக் குடத்துல போடக் கூடாது. எழுபது வயசு தாண்டினாலும் கூடாது.”

“அது அந்தக் காலம், பிள்ளை.”

“குடவோலையும் அந்தக் காலந்தானே, தலைவர்,” என்றது ரொம்மன் பக்கம். மண்டபமே சிரித்தது.

அவர் பெயரை வெளியே எடுத்தார்கள். பரவாயில்லை, சொந்தக்காரர் பதினைந்து பேர் உள்ளே கிடக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த புளோறன்ஸ் அக்கா எழுந்து வந்து, கண்ணை மூடிக் குடத்துக்குள் கையை விட்டார். வந்த பெயர் புஷ்பமலர். எண்ணிக்கைக்காகச் சபாரத்தினத்தாரே எழுதிப் போட்ட, அவருடைய மனைவியின் பெயர்.

சபாரத்தினத்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் பக்கம் குனிந்தார். “வேண்டாமெண்டு சொல்லும். அவரே இருக்கட்டும் எண்டு சொல்லும்.”

புஷ்பமலர் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார்.

“பதினாலு வருசமா நீங்கள் ஒருக்காலும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நான் மட்டும் ஏனப்பா சொல்லோணும்?” என்று ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சபாரத்தினத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்வையாளர் பக்கம் எங்கே போய் இருப்பது என்று தெரியாமல் நின்றார்.