கலர் வூட்டு ஸ்டாப்

பெயிண்ட் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த டர்பன்டைன் வாசனை... எங்கள் வீட்டில் சாம்பார் வாசனையைவிட அதுதான் அதிகம்.

அப்பா பெயிண்டர். வேலை முடிந்த இடத்தில் மிஞ்சியதையெல்லாம் டின்னோடு கேட்டு வாங்கி வருவார். கல்யாண மண்டபத்து ரோஸ், ஆஸ்பத்திரிப் பச்சை, யாரோ ஆசையாக வாங்கி அப்புறம் வேண்டாமென்ற கத்தரிப்பூ நிறம்... எல்லாம் எங்கள் சுவருக்குத்தான். ரோஸ் எந்த இடத்தில் தீர்ந்ததோ அங்கிருந்து மஞ்சள். கோடு நேராகவெல்லாம் இருக்காது.

பெரம்பலூர்-அரியலூர் ரோட்டோரம் வீடு. "கலர் வூடெல்லாம் எறங்கு!" என்றுதான் கண்டக்டர்கள் கூவுவார்கள். காலேஜ் போகிற வயதில் அந்த ஸ்டாப்பில் இறங்க எனக்கு மானம் போகும்.

வரதராஜன்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. போட்டோவிலேயே எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கோ சுவர்தான் கவலை.

"ஏங்க, வர்றவங்க இது வூடா சர்க்கஸ் கூடாரமான்னு கேப்பாங்க. ஒரே கலரா அடிச்சு வுடுங்க."

நானும் அம்மா கட்சி. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெள்ளை அடித்தார். முன்பக்கம் பளிச்சென்று ஆனது. கொல்லைப்பக்கம் வருவதற்குள் வெள்ளை தீர்ந்துவிட்டது.

மறுநாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறேன்... நல்ல நேரம் முடியப் போகிறது, ஆளைக் காணோம்.

"மனசு மாறிட்டாங்களோ?" என்று அம்மா முணுமுணுக்க, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அப்பாவின் செல்போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோங்க. கலர் வூட்டுல எறக்கி வுடுங்கன்னுதான் சொன்னோம். கண்டக்டரும் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டேதான் வந்தாரு... வூடு வரவே இல்லீங்க!"

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்...

ராகு காலத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். கை கழுவக் கொல்லைப்பக்கம் போன மாப்பிள்ளை திரும்பவே இல்லை. எட்டிப் பார்த்தால், ரோஸும் மஞ்சளும் கோணலாகச் சேரும் இடத்தில், கையில் ஈரம் சொட்ட, வாயைப் பிளந்து நிற்கிறார்.

"பொண்ணப் புடிச்சிருக்குங்க," என்றார் அப்பாவிடம். "இந்தச் செவுத்துல மட்டும் வெள்ள அடிச்சுடாதீங்க."

இப்போது அரியலூரில் சொந்த வீடு கட்டியிருக்கிறோம். சிம்பிளாக இருந்தால்தான் அழகு என்று இன்ஜினியர் எல்லாவற்றுக்கும் ஐவரி அடித்துவிட்டார். ஹாலில் ஒரே ஒரு சுவர் மட்டும் மஞ்சள். அதுதான் லேட்டஸ்ட் டிசைனாம்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த அப்பா அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் மாப்ள... பெயிண்டு பத்தலையா?"

என் வீட்டுக்காரருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் தெருவில் எல்லா வீடும் ஐவரிதான். கூரியர் கொண்டு வருகிறவர் தெரு முனையில் நின்றுகொண்டு, "எந்த வூடுங்க?" என்று தினமும் போன் செய்கிறார். அந்தக் காலத்தில் ஒரு பஸ்ஸே எங்கள் சுவரைப் பார்த்து நின்றது...

அப்பாவிடம் இன்னும் அரை டின் கத்தரிப்பூ நிறம் இருக்கிறது. நேற்று நானே போன் போட்டு எடுத்து வரச் சொல்லிவிட்டேன்.