தீர்ப்பைத் தமிழில் சொன்னவன்

பண்ணையார் பெரியண்ணனின் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்தியதற்காகச் சின்னப்பனின் வலது கண் போயிற்று. 1968 கோடை. பாப்பாரப்பட்டிப் பக்கம் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. பெரியண்ணனின் மாடுகள் வயிறு முட்டக் குடித்த தண்ணீரை ஒரு கூலிக்காரன் தொட்டான் என்று சாட்டை முகத்தில் இறங்கியது.

வழக்குப் போடவைத்தவன் சின்னப்பனின் மகன் சவரி. தர்மபுரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு நாளில் அவனுக்குத் தேர்வு.

"நீ பரீட்சைக்குப் போ கண்ணு. நாயம் கேக்க நான் ஒருத்தன் போதும்" என்றார் சின்னப்பன்.

மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் நாலு வரி படித்தார். பெரியண்ணன் விடுதலை. சின்னப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அங்கி போட்டவர் புரியாத மொழியில் பேசினால் அது ஆசீர்வாதம்தான் என்று பழகிய மனிதர் அவர். பிறந்ததிலிருந்து மாதா கோயிலில் லத்தீன் பூசைக்குக் கைகூப்பியவர்.

"மவராசன் நல்லா இருக்கணுமுங்க!" என்று கும்பிட்டார். கோர்ட்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை குடத்தோடு அதே கிணற்றுக்குப் போனார். மனைவி குள்ளம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

"கோர்ட்டே சொல்லிடுச்சு. எவன் தடுப்பான்? வா புள்ள."

பெரியண்ணனின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மண்வெட்டிக் காம்பு மண்டையில் விழுந்தது.

"ஜெயிச்சுட்டியாமே? குடிடா!" என்று குடத்து நீரை வாயில் ஊற்றிக்கொண்டே நெஞ்சில் மிதித்தார்கள். தடுத்த குள்ளம்மாளின் முன்பற்கள் தெறித்தன. சின்னப்பன் அங்கேயே செத்தார்.

அந்நேரம் சவரி வகுப்பில் இருந்தான். பாடம், ஆங்கில மொழியின் வரலாறு. பிரெஞ்சு பேசிய நார்மானியர் வாளோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பின் முந்நூறு ஆண்டுகள் அங்கே கோர்ட்டில் பிரெஞ்சுதான். தன்னைத் தூக்கிலிடச் சொல்கிறார்கள் என்பதுகூடத் தெரியாமல் உழவன் நின்றான். 1362இல்தான் வழக்கை ஆங்கிலத்தில் பேசச் சட்டம் வந்தது.

"அந்தச் சட்டத்தையும் பிரெஞ்சிலேதான் எழுதினான்!" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. சவரியும் சிரித்தான். அப்போதுதான் பியூன் வாசலில் நின்று அவன் பெயரைக் கூப்பிட்டார்.

கொலை வழக்கின் தீர்ப்பும் ஆங்கிலத்தில் வந்தது. குள்ளம்மாள் மகனைப் பார்த்தாள். சவரி எழுந்தான்.

"ஐயா, செத்தவரு பொஞ்சாதி இவங்க. தமிழ்ல சொல்லுங்க."

"உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. வெளியே போய்ச் சொல்" என்றார் ஜட்ஜ்.

"தெரியுமுங்க. இங்கிலீஷ்காரனே அறுநூறு வருசத்துக்கு முன்னாடி, கோர்ட்டுல வேத்து மொழி எதுக்குன்னு கேட்டான். நீங்க எப்பக் கேப்பீங்க?"

போலீஸ்காரன் கழுத்தைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனான். சவரி அங்கிருந்தே கத்தினான்.

"அம்மா, சாட்சி பத்தலையாம்!"

லத்தி வாயில் விழுந்தது.

"நீ பாத்தது பொய்யாம்!"

மறுபடியும் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "மூணு பேரும் விடுதலையாம்மா!"

குள்ளம்மாள் கும்பிடவில்லை. வெளியே வந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள். காரில் ஏறிக்கொண்டிருந்த பெரியண்ணனின் நெற்றி பிளந்தது.

"இப்பப் புரிஞ்சுதுடா" என்றாள் மகனிடம்.

அவளுக்கு ஆறு மாதச் சிறை. அந்தத் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான். உடைந்த பற்களோடு சவரி அதையும் தமிழில் சொன்னான்.

அவன் பட்டம் வாங்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் கீழ்க்கோர்ட்டுகளுக்குத் தமிழ் வரும்வரை அந்த வராந்தாவில்தான் நின்றான். எத்தனையோ முறை அடித்து விரட்டினார்கள், மறுநாளே வந்தான். தீர்ப்புக் கேட்டுக் கைகூப்பியபடி வெளியே வருகிறவர்களிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்:

"கையக் கீழ போடுங்க. என்ன சொன்னாங்கன்னு மொதல்ல கேளுங்க."