மயிரிழை வித்தியாசம்

எழுபதுகளில் காரைக்குடிக் கல்லூரியில் எனக்கு எதிர் மேசையில் இருந்த இயற்பியல் வாத்தியார் அவர். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை. சுருள்வில்களால் கோத்த இரும்புக் குண்டுகளின் வரிசையை ஒரு முனையில் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு குண்டும் எப்படி ஓடும் என்று, கையால் சுற்றும் கணக்கு மெஷினில் போட்டுப் பார்ப்பார். அதே கணக்கை ஒரு குண்டை மட்டும் மயிரிழை நகர்த்தி வைத்து மறுபடி போடுவார். இரண்டு ஓட்டமும் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதற்கு ஓர் எண் கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி.

"இத்துனூண்டு வித்தியாசம் போகப்போகக் கரைஞ்சு போகாதா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"கல்லலுக்குப் பஸ் ஏறக் கிளம்புன மகளை, சாப்பாட்டுத் தூக்கை மறந்துட்டாளேன்னு பின்னாடி கூப்பிட்டுட்டேன். அப்படிக் கூப்பிட்டது ஆகாதுன்னு உக்காரவச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகச் சொன்னேன். அதுக்குள்ள பஸ் போயிருச்சு. அடுத்த பஸ்ஸுல ஏறுனா. அதுதான் கவுந்துச்சு. பிள்ளை வீடு திரும்பலை. இப்பச் சொல்லுங்க, கரையும்னா சொல்றீக?"

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் குடையை மேசையிலேயே மறந்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் குடையோடு வாசல் வரை ஓடினேன். கூப்பிட வாய் வரவில்லை. பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம்; அவரை ஒரு நிமிஷம் நிறுத்தவும் எனக்குப் பயமாக இருந்தது.