இருபதில் ஆறு

"ஜமால் சார் போயிட்டாரு சார்" என்று போர்ட் பிளேரிலிருந்து தொலைபேசியில் சொன்னவள் செல்வி. எங்கள் இருவரிடமும் படித்தவள். நான் முதலில் கேட்டது, "கூட்டம் நிறையவா?" என்றுதான். "ரோடு முழுக்க ஜனம் சார்," என்றாள். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து கிளம்பிக் கப்பலேறி, போர்ட் பிளேரில் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேன். ஜமாலுதீன் அங்கே ஹிந்தி வாத்தியார். அப்பர்டீன் பஜாரில் அவர் அண்ணனுக்கு ஜவுளிக்கடை. பட்டம் வாங்கியவன் நான். மணியடித்ததும் பிள்ளைகள் ஓடியதோ அவர் பின்னால். என் மனைவிகூட ஒருநாள், "அவரு பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றாள். அன்று குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பின்னப் பெருக்கலும் வகுத்தலும் நடத்தி முடித்துத் தேர்வு வைத்தேன். கேள்விகளை நான் வாயால் சொல்வேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். "நான்கில் மூன்றை ஐந்தில் இரண்டால் பெருக்கு." விடை இருபதில் ஆறு; மேலே ஆறு, கீழே இருபது. செல்வி மேலே இருபதும் கீழே ஆறும் எழுதியிருந்தாள். வகுத்தலிலும் விடைகளெல்லாம் தலைகீழ். பத்துக் கணக்குக்கும் சுழியம். திரும்பத் திரும்ப நடத்தினேன், திட்டினேன், ஒன்றும் மாறவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் அப்பாவை வரவழைத்து, "இன்னொரு வருஷம் ஆறாவதிலேயே இருக்கட்டும்" என்றேன். "அப்ப படிப்ப நிறுத்திர்றேன் சார்," என்றார் அவர்.

மறுநாள் ஜமால் சார் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், ஜரா ரெண்டு நிமிஷம். இந்தப் பொண்ணுக்கா ஸைபரு?" என்று கேட்டுத் தாளை வாங்கி, அவள் கையிலேயே கொடுத்தார். "எழுதினதப் படிம்மா."

"இருபதில் ஆறு," என்றாள் செல்வி.

தாளை எட்டிப் பார்த்தேன்; மேலே இருபது, கீழே ஆறுதான். அடுத்ததையும் படித்தாள், அதுவும் சரி.

"அஞ்சாவது வரைக்கும் ஹிந்தியில படிச்சவ சார்," என்றார் ஜமால். "அங்க 'தோ பட்டா பாஞ்ச்'னா ரெண்டு மேல, அஞ்சு கீழ. முதல்ல காதுல விழுறது மேல போகும். நீங்க அஞ்சில் ரெண்டுங்கிறீங்க, அவ அஞ்சத் தூக்கி மேல வெக்கிறா. அவ்வளவுதான்."

கேள்வியில் எல்லாப் பின்னமும் கவிழ்ந்தால், பெருக்கினாலும் வகுத்தாலும் விடையும் கவிழ்ந்தே வரும். பட்டம் வாங்கிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையை ஒருமுறை படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. செல்வி ஏழாவதுக்குப் போனாள். ஆசிரியர் அறையில் ஜமால் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு பேர் முன்னால் என்னைக் கேலி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அதற்குப்பின் தப்பாக எழுதிய ஒவ்வொரு பிள்ளையிடமும் "எழுதினதப் படி" என்றேன். பின்னக் கணக்கென்றால் நான்தான் என்று தீவெல்லாம் பெயர் வந்தது. என் ஓய்வு விழா மேடையில் தலைமையாசிரியர் அதை என் தனி முறை என்று புகழ்ந்தார். முன்வரிசையில் இருந்த ஜமால் சார்தான் முதலில் கைதட்டினார். நான் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசினீங்க சார்," என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது 'எழுதினதப் படி' என்ற அந்த இரண்டு சொற்கள்தான். முப்பது வருஷம் அவற்றை என்னுடையவை என்று சொல்லிப் பிழைத்தேன். அவை ஜமால் சாருடையவை. கேட்க அவர் இல்லாதபோதுதான் எனக்கு இதைச் சொல்ல வாய் வந்திருக்கிறது.